சீயநாட்டு விளக்கேற்றமும் கார்த்திகை விளக்கீடும்

சீயம் எனப் பண்டு வழங்கி, 1939-இல் தாய்லாந்து எனப் பெயர் பூண்ட நாட்டின்கண், அந்நாட்டார் கணக்கிற் பன்னிரண்டாந் திங்களின் நிறைமதி இரவில், யாறும் குளமும் கால்வாயுமாகிய நீர்நிலைகளெல்லாம் விளக்கொளியாற் பொலிவுறும். வாழைத்தண்டினைக் குறுக்கே வட்டமாக அரிந்து, விளிம்பிலே வாழையிலையைத் தாமரையிதழ் போல மடித்துச் செருகி, நடுவே மலரும் மெழுகுவத்தி ஒன்றும் ஊதுவத்தி மூன்றும் நாட்டிய சிறு மிதவையை மாந்தர் கையிலேந்திக் கரைக்கு வருவர். விளக்கைக் கொளுத்தி, மிதவையை நெற்றிக்கு நேரே உயர்த்தி வணங்கி, மெல்ல நீரில் விடுத்து, அலை அதனைக் கொண்டு செல்லுந்துணையும் கரையில் நிற்பர். சிலர் அதன்கண் காசொன்று வைப்பர். வேறு சிலர் தம் மயிரும் நகத்துணுக்கும் இட்டு, ஓராண்டின் தீதெல்லாம் அவற்றொடு போகுக என வேண்டுவர். 'லோய்' என்பது மிதக்கவிடுதல். 'கிரதோங்' என்பது இலையாலாய தொன்னை. ஆகலின் இவ்விழா 'லோய் கிரதோங்' எனப்படும். நீரை ஆண்டு முழுதும் பயன்கொண்டும் மாசுபடுத்தியும் வந்தமைக்கு நன்றியும் பொறுத்தல்வேண்டலும் ஒருங்கு கூறுவதே இதன் கருத்தென அந்நாட்டுப் பொதுமக்கள் சொல்லுவர். அவர் வணங்கும் நீர்த்தெய்வத்தின் பெயர் 'மே கொங்கா'. அது கங்கைத்தாய் என்பதன் திரிபே.

வடநாட்டுச் சீயங்மாய் நகரில் இதே நாள் 'யீ பெங்' எனப்படும். 'யீ' இரண்டு, 'பெங்' நிறைமதி. இலான்னா நாட்டார் திங்களை எண்ணுமுறை நடுநாட்டார் எண்ணுமுறைக்கு இரண்டு திங்கள் முற்பட்டதாகலின், இவர்க்குப் பன்னிரண்டாவது அவர்க்கு இரண்டாவது ஆயிற்று. ஆண்டு வீட்டு வாயில்களினும் பௌத்தப் பள்ளிகளினும் காகித விளக்குக்கூடுகளைத் தூக்குதல் பழவழக்கு. மெல்லிய காகிதத்தாற் பெரிய உறை சமைத்து, அடியில் நெருப்பிட்டு, சூடேறிய காற்றால் அஃது எழுந்து வானிற் செல்லுமாறு விடுத்தலும் உண்டு. புத்தர் துறவு பூண்டபொழுது அரிந்த மயிர் முடியை இந்திரன் ஏந்திச் சென்று தாவதிம்ச உலகில் 'சூளாமணி' என்னுங் கோயிலில் வைத்தான் என்பது பௌத்தர் கொள்கை. அக்கோயிலை நோக்கியே இவ்விளக்குகள் செல்லுகின்றன என்பர். பலநூறு விளக்குகள் ஒருங்கெழுந்து விண்மீன்களோடு மயங்குங் காட்சியைக் கண்டோர் எளிதில் மறவார். தாக் நகரத்தாரோ, தேங்காய்ச் சிரட்டைகளில் திரியிட்டுப் பிங் யாற்றில் ஒன்றன்பின் ஒன்றாக விடுப்ப, அவை நெடுஞ்சரமாகி நீரோட்டத்தின் வளைவெல்லாம் தாமும் வளைந்து செல்லும்.

இவ்விழாவைக் கண்ட சைவநன்மக்களுக்குத் திருக்கார்த்திகை நினைவுக்கு வருதல் இயல்பே. நாளும் ஏறக்குறைய ஒத்தது, பொருளும் விளக்கே. அன்றியும் சீயநாட்டிற்கும் தமிழகத்திற்கும் உள்ள பழந்தொடர்பு கற்பனையன்று. தக்குவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் பெயரிய குளம் ஒன்றனை மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் வைத்தமையைக் கூறுகின்றது. அவனிநாரணன் என்பது தெள்ளாற்றெறிந்த நந்திவர்மப் பல்லவன் சிறப்புப் பெயர். இன்னோரன்ன சான்றுகளைக் கண்டு உவகை மேலிட்டுச் சிலர், 'லோய் கிரதோங் நம் கார்த்திகை விளக்கீடே' என ஒருசொல்லில் முடித்துவிடுகின்றனர். முடிபு இனியதாயினும் அதற்கு அடைந்த வழி செவ்விதன்று. நீரில் விடும் விளக்கு வேறு, கம்பத்தில் ஏற்றும் விளக்கு வேறு. இரண்டும் ஒருநாளில் நிகழ்ந்தமையால் ஒன்றென மயங்கப்பட்டன. சைவர் ஆராய்தற்குரியது பின்னையது. அதனையோ இன்று காண்பார் அரியர்.

நீரில் விடும் விளக்கினை முதற்கண் நோக்குவாம். சுகோதய நகரத்து இராமகம்கெங் மன்னன் பெயரால் வழங்கும் 1292-ஆம் ஆண்டுக் கல்வெட்டே இவ்விழாவிற்கு மூலம் என்பார் பலர். 1833-இல் மோங்குட் இளவரசர் துறவுக்கோலத்தில் இருந்தபொழுது கண்டெடுத்த கல் அது. அதன்கண், துறவிகட்கு ஆடை வழங்குங் கடினவிழா முடிந்து மக்கள் இசையொடு மீண்டபின், நகரின் நான்கு வாயில்களினும் நெருங்கிப் புகுந்து மெழுகுவிளக்கேற்றலும் தீவிளையாட்டும் காண்பர் என்றே உளது. நீரில் மிதவை விடுத்த செய்தி அதன்கண் இல்லை. அக்கல்லின் பழைமையையே அண்மைக்காலத்து அறிஞர் சிலர் ஐயுற்று வாதிடுகின்றனர்.

மற்றொரு சான்றாக நோப்பமாத் என்னும் நங்கையின் வரலாறு காட்டப்படும். அந்தணர் ஒருவர் மகளாகிய இவள் சுகோதய மன்னனின் அரண்மனையிற் புகுந்து, நிறைமதி நாளிலே தாமரை வடிவாக மிதவை சமைத்து விளக்கேற்றிவிட, அதனை மன்னன் வியந்து இனி இவ்வாறே செய்க எனப் பணித்தான் என்ப. நருமதையாற்று மணற்கரையிலுள்ள புத்தரது அடிச்சுவட்டிற்கு வழிபாடாக அவ்விளக்கு அமைந்தது என்றும் அந்நூல் கூறும். அந்தணர் மகள் என்ற ஒன்றைக்கொண்டு இவ்விழா இந்துசமய வழித்து என்று துணிவார்க்கு இந்நூல் மிக உவந்தது. ஆயின் அதனைப் பதிப்பித்தகாலத்து ஆராய்ந்த தம்ரோங் இளவரசர், அதன் நடை சுகோதயகாலத்து நடையன்று, பாங்காக்கு நகரம் தோன்றியபின் எழுந்த நடை என்று காட்டினார். அதனினும் தெளிவாகிய குற்றம் ஒன்றுண்டு: பதினான்காம் நூற்றாண்டு நங்கை எழுதியதாகச் சொல்லப்படும் அந்நூலில் அமெரிக்கர் பெயர் வருகின்றது! கொலம்பசு பிறத்தற்கு முன்னரே அமெரிக்கரை அறிந்த அரசியை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம்? நூல் இனிது; அந்நாட்டு அழகுப்போட்டிகளில் இன்றும் நோப்பமாத் எனப் பெயர் சூட்டி நங்கையரைத் தேர்கின்றனர். அதன் பயன் அவ்வளவே.

ஐயமறக் கொள்ளற்குரிய பழஞ்சான்று பிரெஞ்சு மன்னன் தூதராய் 1687-இல் அயோத்தியா நகர்க்கு வந்த இலாலூபேர் என்பார் எழுதியது. வெள்ளம் வடியத் தொடங்குங்காலத்து மக்கள் பல இரவு விளக்கேற்றி, நிலத்திற்கு வளந்தந்த நீர்க்கு நன்றி செலுத்துவரென்றும், யாறு முழுதும் மிதக்கும் விளக்குகளாற் பரவிக் காணப்படுமென்றும் அவர் எழுதிவைத்தார். சாவ்பிரயா யாறு பெருகி வயலெல்லாம் மூடி, பின் வடிந்து நெல் முற்றும் பருவமே அது. நீர்பெருக்கால் வாழும் உழவர் எந்நாட்டவராயினும் நீரை வணங்குவர். நம் நாட்டில் ஆடிப்பெருக்கில் காவிரிக்கரையார் செய்வதும் அதுவே. அதற்கு ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரிடம் கடன்பெற வேண்டுவதில்லை.

இனிக் கம்பவிளக்கு. சீயநாட்டு ஐந்தாம் இராமராகிய சுலாலங்கோர்ன் மன்னர் (1868–1910) 1888-இல் 'பன்னிரு திங்களின் அரசவிழாக்கள்' என்னும் பெருநூல் இயற்றினார். பதினோராந் திங்களை எழுதாமலே அந்நூல் நின்றுவிட்டதாயினும், அரண்மனைச் சடங்குகளை அகத்திருந்து கண்ட ஒருவர், முன்னோர் சுவடிகளையும் வைத்து ஆராய்ந்து எழுதினமையின், அதற்கு நிகராய நூல் அத்துறையில் இல்லை. நூல் தொடங்குவதே பன்னிரண்டாந் திங்களில். அத்திங்களின் முதற்சடங்கு 'சோங் பிரியங்' என்பது. உயர்ந்த கம்பங்களை நாட்டி, விளக்குக்கூடுகளைக் கயிற்றால் மேலேற்றி இரவெல்லாம் எரியவைத்துக் குறித்த நாளில் இறக்குதல் இதன் செயல். கூட்டினுள் எரியும் மெழுகுவத்திகட்கு அரசவைப் பிராமணர் 'பிரியங்' என்னும் நெய்ப்பொருளைப் பூசுதல் வேண்டும். அது பசுவினின்று பெற்றது. சடங்கின் பெயரே அதனான் அமைந்தது.

இவ்விளக்கேற்றம் யாரை நோக்கியது? மன்னர் தெளிவாகவே எழுதுகின்றார்: பண்டையோர் கூற்றின்படி ஈசுவரன், நாராயணன், பிரமன் என்னும் மூவர்க்கும் வழிபாடாக விளக்கேற்றப்பட்டது, மன்னர்கள் பௌத்தத்தைத் தழுவி நின்றபின், அதே விளக்கு சூளாமணிக்கும் நருமதைக் கரை அடிச்சுவட்டிற்கும் உரியதாகச் சொல்லப்பட்டது. தம் தந்தையார் மோங்குட் மன்னர் காலத்தில் பௌத்தத் துறவிகள் ஓதுதலும் இச்சடங்கின்முன் சேர்க்கப்பட்டமையையும் அவர் மறைத்திலர். செயல் மாறாது நிற்ப, செயலின் பொருள் மாறிய வரலாற்றை அரசர் ஒருவரே இவ்வளவு நேர்மையாக எழுதிவைத்தல் அரிது. சமயநூல் ஆராய்வார்க்கு இது பெரும்பேறு.

நீரில் விடும் விளக்கைப்பற்றியோ அவர் வேறாக மொழிகின்றார். அது மக்கள் எல்லோர்க்கும் பொதுவாகிய களிப்புவிழா. துறவியர் சடங்கோ பிராமணர் சடங்கோ அதனொடு பொருந்தியதில்லையாகலின் அதனை அரசச் சடங்கென எண்ணுதல் இயலாது என்பது அவர் துணிபு. ஒரு விலக்கு மாத்திரம் வைக்கின்றார். அயோத்தியாக் காலத்து அரண்மனைச் சட்டத்தொகுதியில் பன்னிரண்டாந் திங்களின் சடங்கு, விளக்கேற்றி, இறக்கி, நீரில் மிதக்கவிடுதல் என ஒரே தொடராகச் சொல்லப்பட்டுளது. அத்தொடரின் இறுதிப்பகுதி இவ்விழாவைக் குறிப்பதாகக் கொண்டாலன்றி, வேறு தொடர்பில்லை என்கின்றார். இவ்விலக்கு நுட்பமானது. மேலே இறைவனுக்கு ஏற்றிய விளக்கினை, காலம் முடிந்தபின் எறிந்துவிடாது நீரிற் சேர்த்தல் நம்மவர்க்கும் புதிதன்று. வழிபட்ட மண்ணுருவையும் முளைப்பாலிகையையும் யாற்றில் விடுகின்றோமன்றோ! உழவர் விழாவும் அரண்மனைச் சடங்கும் ஒன்றையொன்று தொட்ட இடம் இதுவாதல் கூடும்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்தி, அம்மன்னர் விளக்கேற்றும் காலத்தைக் குறிக்குமிடத்து உளது. ஒரு முறையை மட்டும் சொல்லாது மூன்றினைச் சொல்கின்றார். முதன்முறை, பன்னிரண்டாந் திங்களின் பிறையெண்ணிக்கைகொண்டு, மிகைத்திங்கள் உள்ள ஆண்டும் இல்லாத ஆண்டும் நோக்கி ஏற்றும் நாளும் இறக்கும் நாளும் வரையறுப்பது. இரண்டாவது, ஞாயிறு விருச்சிகத்திலும் திங்கள் இடபத்திலும் நிற்குங்காலம் ஏற்றுங்காலம் என்பது. மூன்றாவது, கார்த்திகை மீன் மாலைதொடங்கி விடியுந்துணையும் வானிற் காணப்படும்பொழுது ஏற்றுக என்பது.

பிற்கூறிய இரண்டனையும் தமிழர் கணக்கோடு வைத்து நோக்குக. ஞாயிறு விருச்சிகத்தில் நிற்பதே நம் கார்த்திகைத் திங்கள். அஃது ஆங்கில நவம்பர் 16-ஐ ஒட்டித் தொடங்கும். கார்த்திகை மீனின் நான்கு காலில் முதற்கால் ஒழிந்த மூன்றும் இடபத்தின்கண் அடங்கும். விருச்சிகத்திற்கு நேர் எதிரே நிற்பது இடபமாகலின், அங்குத் திங்கள் நிற்பின் அது நிறைமதியோ நிறைமதியை அடுத்த நாளோ ஆதல் வேண்டும். எனவே மன்னர் கூறிய இரண்டாம் முறை, திருவண்ணாமலையில் தீபம் ஏற்றுதற்கு இன்றும் கொள்ளப்படும் காலமுறைக்கு மிக நெருங்கியது. மூன்றாம் முறையும் அதனோடு பொருந்தும். அறுமீன் இரவு முழுதும் தோன்றுவது அப்பருவத்திலேயே. அகநானூற்று 141-ஆம் பாட்டில் நக்கீரனார், மழை நீங்கிய வானத்தில் நிறைந்த மதி அறுமீனைச் சேரும் நள்ளிரவில் தெருவெல்லாம் விளக்குற்று மூதூரார் பலரும் கூடி எடுக்கும் விழாவைப் பாடுகின்றார். மழை நீங்குதல், மதி நிறைதல், அறுமீன் சேர்தல் என்னும் மூன்றும் சீயநாட்டு அரண்மனைச் சுவடி வழக்கில் ஏறக்குறைய அவ்வாறே நிற்றல் நோக்கத்தக்கது. திருஞானசம்பந்த சுவாமிகளும் மயிலைத் திருப்பதிகத்தில் கார்த்திகை விளக்கீட்டினைத் தொன்மையுடைய விழாவாகவே எடுத்தோதினார்.

இம்முறைகள் வேறுபடுமாறு அண்மை ஆண்டுகளிலே தெற்றென விளங்கும். 2023-இல் திருவண்ணாமலைத் தீபம் நவம்பர் 26. சீயநாட்டு விழா மறுநாள் 27. அவ்வாண்டு இரண்டும் ஒன்றேபோலும். 2024-இல் சீயநாட்டு விழா நவம்பர் 15. ஞாயிறு இன்னும் துலாத்தை நீங்கிற்றிலது. அதனால் நம் தீபம் டிசம்பர் 13-இல் நிகழ்ந்தது. இன்று மக்கள் பின்பற்றுவது பிறையெண்ணும் முதல்முறையே. மன்னர் நூலிலுள்ள ஞாயிற்றுமுறை வழக்கொழிந்து ஏட்டளவில் நின்றது. வழக்கொழிந்த முறையை மன்னர் விடாது குறித்தமையினாலேயே, ஒருகாலத்து அவ்வரண்மனையில் வேறொரு கணக்கும் போற்றப்பட்டமை புலனாகின்றது.

இவ்வொற்றுமைகொண்டு அது தமிழ்நாட்டினின்றே சென்றது என முடித்துவிடலாமோ எனின், தடைகள் மூன்று உள. முதலாவது, செயலின் வடிவம். தமிழ்நாட்டில் மலையுச்சியிற் கொப்பரையில் ஏற்றுதலும், பனைமரத்தை நாட்டிச் சொக்கப்பனையாகக் கொளுத்துதலும், இல்லந்தோறும் அகல்வரிசை வைத்தலுமே சிறந்தன. கூட்டினுள் வைத்துக் கயிற்றாற் கம்பத்தில் ஏற்றுதலோ, வடநாட்டார் சாந்திரமான கார்த்திகையில் எடுக்கும் ஆகாசதீபத்தையே பெரிதும் ஒக்கும். இரண்டாவது, பெயர். 'பிரியங்' என்பது தாய்மொழிச் சொல்லன்று. கெமர்மொழியில் எண்ணெயைக் குறிக்குஞ் சொல்லே அது. கெமர் நாட்டாரும் இதே நிறைமதியில் யாற்றில் விளக்குமிதவை விடுத்துத் திங்களை வணங்குவர். அத்திங்கட்கு அவர் இட்ட பெயரும் கார்த்திகம் என்பதன் திரிபே. அங்கோர் நகரத்து அரசவையில் சைவ அந்தணர் பல நூற்றாண்டு தலைமை பெற்றிருந்தமை கல்வெட்டுக்களான் அறியப்படும். 1431-இல் அயோத்தியாப் படை அங்கோரைக் கொண்டபின் அரசச் சடங்குகள் பல அங்கிருந்து வந்தன. ஆகவே விளக்கு நேரே கடல்வழி வராது கெமர்நாடு சுற்றி வந்திருத்தல் கூடும்.

மூன்றாந் தடையே சித்தாந்த சைவர் ஊன்றி நோக்கற்பாலது. திருவண்ணாமலைத் தீபம் மூவரையும் ஒப்பவைத்து ஏற்றுவதன்று. அயனும் மாலும் அடிமுடி தேடிக் காணாது நின்ற சோதிப்பிழம்பைக் காட்டுவது. தேடினார் இருவர், தேடப்பட்டவன் ஒருவன் என்பதே அதன் பொருள். முத்தொழில் செய்யும் மூவர்க்கும் அப்பாற்பட்டவனே பதி என்னுஞ் சித்தாந்தத் துணிபு அவ்விளக்கில் எரிகின்றது. சீயநாட்டு விளக்கோ மூவர்க்கும் பொது. அங்கு ஈசுவரன் பெயரே முதலில் நிற்பினும், மூவரையும் ஒருங்கெண்ணும் மிருதிவழக்கே புலனாகின்றது. அண்ணாமலை வரலாறு அதன்கண் சொல்லப்படவில்லை. காலம் ஒத்தும் கருத்து ஒவ்வாத இவ்விடத்தில், கார்த்திகை விளக்கீடே இது எனல் நம் விளக்கீட்டின் பொருளையே குறைத்துரைப்பதாகும். இத்தடையைக் கருதாது உறவு கொண்டாடுவார், பெறுவதினும் இழப்பது பெரிது.

ஆகவே வடிவம் ஆகாசதீபத்தை ஒக்கும். பெயர் கெமர் நாட்டது. காலமுறை ஒன்று தமிழர் கார்த்திகையை ஒக்கும். ஒரே சடங்கிற்கு மூன்று காலமுறைகள் நின்றமையும், வெவ்வேறு நாட்டு அந்தணர் வழக்குகள் அவ்வரண்மனையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தமையையே காட்டும். அவருள் தமிழ்நாட்டவரும் இருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அடுத்துவரும் விழாவே அதனை மொழியும்.

விளக்கிறக்கியபின், பண்டு முதல் திங்களிலும் பின்னர் இரண்டாந் திங்களிலும், பாங்காக்கு அரசவைப் பிராமணர் 'திரியம்பவாய், திரிபவாய்' என்னும் விழாவை எடுப்பர். முன்னது திருவெம்பாவை, பின்னது திருப்பாவை. ஈசுவரன் நிலவுலகிற்கு எழுந்தருளிப் பத்துநாள் தங்குவன், அவன் மீண்டபின் நாராயணன் ஐந்துநாள் தங்குவன் என்பது அவர்கொள்கை. மார்கழித் திருவாதிரைக்கு முற்பட்ட பத்துநாளும் மாணிக்கவாசக சுவாமிகளின் திருவெம்பாவையை ஓதும் நம் வழக்கினை இஃது எண்ணிக்கையளவிலும் ஒத்தது. முதலாம் இராமர் 1784-இல் எடுப்பித்த தேவஸ்தானத்தில் ஈசுவரன், விநாயகன், நாராயணன் என்னும் மூவர்க்கும் தனித்தனிக் கோயில் உண்டு. அதன்முன் நாட்டிய பேரூசலில் இளைஞர் ஏறி ஆடும் வழக்கு 1935-இல் நிறுத்தப்பட்டது. கோயிலினுள் நிகழும் ஓதுதல் நிற்கவில்லை. ஓதுவோர்க்குச் சொற்பொருள் விளங்காது; ஒலியும் சீயநாட்டு நாவிற்கேற்பத் திரிந்தது. ஆயினும் அவர்கையில் கிரந்த எழுத்துச் சுவடிகள் உள்ளன. ஜே. ஆர். மார் என்னும் ஆங்கிலத் தமிழறிஞர் அவற்றை ஆராய்ந்து உள்ளிருக்கும் தமிழ்ப்பாட்டுக்களை இனங்கண்டு வெளியிட்டார். கம்பவிளக்கிற்கு வானத்து மீனே சான்று. இங்கோ பாட்டே சான்று. இரவில் தேவஸ்தானத்துக் கதவடைத்து ஒரு சில பிராமணர் இருந்து ஓதும் அவ்வோசையைக் கேட்கச் செல்வார் மிகச் சிலர். சாவ்பிரயா யாற்றங்கரையில் விளக்கு விடுவாரோ எண்ணிறந்தோர்.